முதலில் நேரத்தை எழுது

அந்தப் பாட்டி மூன்று நாளாக ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாரா டூட்டி, அதாவது வாசல் காவல். 1986-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஆயுதப்படையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, தாலுகா போலீசுக்கு வந்த புதிது. பாட்டியின் இரண்டு வெள்ளாடுகள் களவு போயிருந்தன. முதல் நாள், "எஸ்.ஐ. ஐயா இல்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் யாரும் எதுவுமே சொல்லவில்லை. தூக்குச் சட்டியில் கொண்டுவந்த கஞ்சியை மரத்தடியிலேயே குடித்துவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் துப்பாக்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாரா நிற்பவன் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் எங்கள் ஏட்டய்யா லீவு முடிந்து வந்தார். உள்ளே நுழையும்போதே மரத்தடியைப் பார்த்துவிட்டார். "ஆத்தா, எதுக்கு வெளியே உக்காந்திருக்கீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"எத்தனை ஆடு?"

"ரெண்டு சாமி. ஒண்ணு கிடா, ஒண்ணு பெட்டை."

"கிடா எத்தனை பல்லு?"

"நாலு பல்லு. பெட்டை சினையா இருக்குய்யா."

"காதுல அடையாளம் போட்டிருக்கீங்களா?"

"வலது காதுல ஒரு வெட்டு. என் ஆடு எல்லாத்துக்கும் அப்படித்தான்."

மூன்று நாளாக ஒருவரும் கேட்காத கேள்விகள் அவை. பாட்டியின் முகம் மாறியதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஆடு கிடைத்ததுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாரா மாறி உள்ளே வந்த என்னிடம் பேப்பரைத் தள்ளி எழுதச் சொன்னார் ஏட்டய்யா. நான் "உயர்திரு" என்று ஆரம்பித்தேன். "மொதல்ல டைம் எழுதுப்பா, அப்புறம் மத்ததெல்லாம்" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதப் போனேன். தடுத்தார். "ஆத்தா மொத மொதல்ல எப்ப வந்தாங்க? அந்தத் தேதியை எழுது. அவங்க லேட்டா வரலை. நாமதான் லேட்டா எழுதுறோம். அதையும் எழுது."

அடுத்த சந்தையில் பெட்டை ஆடு கிடைத்தது, காது வெட்டை வைத்துத்தான். கிடா அதற்குள் கறியாகிவிட்டது. மூன்று நாள் முந்தி எழுதியிருந்தால் அதுவும் கிடைத்திருக்குமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது.

2025-இல் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆக ஓய்வு பெற்றேன். இப்போது இரண்டு விதமானவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போகணும், எப்படிப் பேசுவது என்று கேட்கும் அக்கம்பக்கத்தார் ஒரு பக்கம். வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். இருவருக்கும் நான் சொல்வது ஏட்டய்யா சொன்ன அதே விஷயத்தைத்தான். காவல் நிலையத்தின் நேர்மை ரிசப்ஷன் மேஜையில், ஒரு வெள்ளைத் தாளில் ஆரம்பிக்கிறது. என்ன நடந்ததோ, எப்போது நடந்ததோ, அதை அப்படியே எழுதுகிறார்களா என்பதுதான் முதல் பரீட்சை. அதில் தேறாத ஸ்டேஷன் மற்ற எதிலும் தேறாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

போலீசின் கடமை என்ன, நடத்தை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எழுத்தில் பஞ்சமில்லை. இந்தியப் போலீசுக்கான நடத்தை விதிகளை 1960-இல் காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். 1985-இல் மத்திய உள்துறை அதைத் திருத்தி எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அதில் இரண்டு விஷயம் வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒன்று, குற்றமும் கலவரமும் இல்லாமல் இருப்பதுதான் போலீசின் திறமைக்கு அளவுகோல். எத்தனை பேரைப் பிடித்தோம், எத்தனை வண்டியை மடக்கினோம் என்பது அளவுகோல் அல்ல. இன்னொன்று, நீதிபதியின் வேலையை நாம் கையில் எடுக்கக்கூடாது. யார் குற்றவாளி என்று முடிவு செய்வதோ தண்டனை கொடுப்பதோ நம் வேலை இல்லை. கண்டுபிடித்து, எழுதி, கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவதோடு நம் எல்லை முடிகிறது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஏன் கஷ்டம் என்பதைப் பொதுமக்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் மேலதிகாரி நடத்தும் கிரைம் மீட்டிங் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை கேஸ் பதிவு, எத்தனை கண்டுபிடிப்பு, எத்தனை நிலுவை என்று இன்ஸ்பெக்டர் நின்று பதில் சொல்ல வேண்டும். போன மாதம் 4 திருட்டு, இந்த மாதம் 9 என்றால், "என்னய்யா பண்றீங்க அங்க?" என்று கேள்வி வரும். எழுதாத கேஸுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால் என்ன ஆகிறது? எழுதாமல் தள்ளுவது சுலபமான வழியாகிவிடுகிறது. பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்த செல்போன் "தொலைந்துபோன" செல்போனாக மாறுகிறது. வீட்டு வாசலில் திருடிய பைக்கை, "ரெண்டு நாள் தேடிப் பாருங்க, எங்கயாவது நிக்கும்" என்கிறார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புகாரில் "காணவில்லை" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். திருடு போயிருந்தால் "திருடிச் சென்றுவிட்டார்கள்" என்றே எழுதுங்கள். ஒரு சொல்தான். ஆனால் காணாமல்போன பொருளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம், திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டாக வேண்டும். இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால், எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம் மாதிரியான சிலவற்றில் மட்டும் முன்கூட்டி ஒரு விசாரணை செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவும் இதைப் பற்றியதுதான். எந்த ஸ்டேஷன் எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "அது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலுக்கு இனி இடமில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளைக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம் என்று ஒரு தளர்வும் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தளர்வு கொஞ்சம் கவலையைத்தான் தருகிறது. 14 நாளில் சமாதானம் பேசி அனுப்ப நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம்ம ஊரில் எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் சி.எஸ்.ஆர். என்று ஒன்று இருக்கிறது. மனு வாங்கியதற்கான ரசீது. அதில் ஒரு எண் இருக்கும், தேதி இருக்கும். பலர் அதை வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. அதற்காக அதை வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் அந்த நாளில் அங்கே வந்தீர்கள், இதைச் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆரையும் பார்க்கலாம். பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

நான் ரிசப்ஷனில் உட்கார்ந்த காலத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். புகாரை எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் வாசிப்பேன். பாதிப் பேர் அப்போதுதான், "சார், இன்னொன்னு விட்டுட்டேன்" என்பார்கள். அந்த விட்டுப்போனதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். ஒரு அம்மா மாங்காய்த் தோட்ட வேலித் தகராறு என்று எழுதிக் கொடுக்க வந்தார். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் முந்தானையை விலக்கி முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்ததைக் காட்டினார். அடித்தது வேலிக்காரர் இல்லை, வீட்டுக்காரர். அன்றைக்குப் பெண் காவலர் ஒருவரைக் கூப்பிட்டு உள் அறையில் உட்காரவைத்துத் தனியாகக் கேட்டோம். ஆண்கள் நாலு பேர் நடமாடும் இடத்தில் இதையெல்லாம் ஒரு பெண் சொல்வாளா? 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது எங்களில் சிலர், "இதெல்லாம் எதுக்கு?" என்று பேசியது ஞாபகம் இருக்கிறது. எதற்கு என்று அந்தக் கையைப் பார்த்த அன்று எனக்குத் தெரிந்தது.

காசு விஷயமும் சொல்லியாக வேண்டும். பெரிய லஞ்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் பார்த்தவரை ஆரம்பம் அங்கே இல்லை. "ஸ்டேஷன்ல பேப்பர் இல்லை, ஒரு பண்டல் வாங்கிட்டு வாங்க" என்பதில் ஆரம்பிக்கிறது. பறிகொடுத்துவிட்டு வந்தவரிடம் பேப்பர் கேட்கிறோம். அவரும் வாங்கித் தருகிறார். அப்புறம் ஜெராக்ஸ். அப்புறம் குற்றம் சாட்டப்பட்டவரைத் தேடிப்போக வண்டிக்கு டீசல். இதில் யாரும் பணத்தைப் பையில் போடவில்லை, எல்லாம் ஸ்டேஷன் செலவுக்குத்தான் என்று நாங்களும் மனதைத் தேற்றிக்கொள்வோம். உண்மையிலேயே சில்லறைச் செலவுக்கு வரும் தொகை பத்தாது. அதுவும் நிஜம். ஆனால் பேப்பர் வாங்கித் தந்தவருக்கு ஒரு முகமும், வெறுங்கையோடு வந்தவருக்கு இன்னொரு முகமும் நமக்கே தெரியாமல் வந்துவிடும். புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உன் கைக்காசில் ஒரு பண்டல் வாங்கி வை. மாசத்துக்கு அது ஒரு பெரிய செலவு இல்லை. கேட்கும் பழக்கம் மட்டும் நாக்குக்கு வரவிடாதே.

அப்புறம் கட்டப்பஞ்சாயத்து. கொடுத்த கடன் வரவில்லை, இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறான், இப்படி வருவார்கள். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லாமல் எதிராளியைக் கூப்பிட்டு நாற்காலி கொடுக்காமல் நிற்கவைத்துப் பேசினால், பத்து வருஷம் கோர்ட்டில் கிடக்க வேண்டியது பத்து நாளில் முடிகிறது. இரண்டு தரப்புக்கும் நல்லதுதானே என்று தோன்றும். அந்தப் பத்து நாளில் மிரட்டல் இருக்கிறது, கை மாறும் பணம் இருக்கிறது. தயவுசெய்து இதற்காக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். இன்றைக்கு உங்களுக்காக ஒருவரை மிரட்டும் ஸ்டேஷன் நாளைக்கு வேறொருவருக்காக உங்களை மிரட்டும்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

2004. நான் ரைட்டர் ஏட்டு. ஒரு ரைஸ் மில்லில் பூட்டை உடைத்துப் பணமும் ஒரு மோட்டாரும் போயிருந்தன. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருபது வயது இருக்கும். அரை மணி நேரத்தில் அவன் அம்மா வந்துவிட்டார். காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்தபோது, "சார், எம் மவனை எதுக்குக் கூட்டியாந்தீங்க?" என்றார். "விசாரிக்கத்தாம்மா. காலையில வாங்க" என்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

இரவெல்லாம் பையனை வைத்திருந்தார்கள். காலையில் மேலிருந்து சொன்னபடி எழுதினேன். காலை 6 மணிக்குப் பஸ் ஸ்டாண்டு அருகே வாகனத் தணிக்கையில் இருந்தபோது, சந்தேகப்படும்படி நின்றுகொண்டிருந்தவர் போலீசைக் கண்டதும் ஓட முயன்றார், விரட்டிப் பிடித்தோம். நீங்கள் பேப்பரில் நூறு தடவை படித்திருப்பீர்கள் இந்த வாசகத்தை. கைது குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஸ்டேஷனுக்கு வழக்கமாக வந்துபோகும் ஒருவர் போட்டுக் கொடுத்தார். ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொதுநாட்குறிப்பிலும் அதே 6 மணி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று ஆண்டு கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அமைதியாகக் கேட்டார். "ஏட்டய்யா, கைது எத்தனை மணிக்கு?" காலை 6 மணி என்றேன். "அதற்கு முன்னால் இவரை நீங்கள் பார்த்ததே இல்லை?" இல்லை என்றேன். அவர் ஒரு சின்னத் துண்டுச் சீட்டை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தார். தந்தி கொடுத்த ரசீது. முந்தின நாள் இரவு 10.20. என் மகனை இன்று இரவு 7 மணிக்குப் போலீஸ் கூட்டிச் சென்றது, அவன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எஸ்.பி.க்கும் கோர்ட்டுக்கும் அந்த அம்மா தந்தி கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தந்தி ஆபீஸ் இருக்காது. மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். யாரையோ கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீதிபதி சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை விவரிக்க என்னால் முடியாது.

பையன் விடுதலை ஆனான். அவன்தான் மில்லில் திருடினானா இல்லையா என்பது அந்தப் பொய்யான 6 மணியோடு புதைந்துபோயிற்று. மில்காரருக்கு நியாயம் கிடைக்கவில்லை. பையன் நிரபராதி என்றால் ஒரு ராத்திரி லாக்கப்பும் மூன்று வருஷ அலைச்சலும் அவனுக்கு அநியாயம். திருடன் என்றால் தப்பிக்க வழி செய்தது நான். எப்படிப் பார்த்தாலும் கெடுத்தது என் பேனா.

அதற்கப்புறம் இன்னொரு தடவை அதேபோல எழுதச் சொன்னார்கள். "ஐயா, அந்த டைம் போட்டு நான் எழுத மாட்டேன். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். கை நடுங்கியது உண்மை. அடுத்த வாரம் ரைட்டர் வேலை போயிற்று. பந்தோபஸ்து பந்தோபஸ்து என்று ஊர் ஊராகச் சுற்றினேன். என் மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம் அது. வீட்டில் கோபப்பட்டார்கள். ஆனால் அந்த கேஸில் அந்தப் பொய் நேரத்தை அதற்கப்புறம் யாரும் எழுதவில்லை. நிஜமான நேரமே கோர்ட்டுக்குப் போயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளம் செய்தி வந்தபோது நான் வேறு மாவட்டத்தில் எஸ்.எஸ்.ஐ. ஜூன் 19 மாலை ஜெயராஜைப் பிடித்துப் போகிறார்கள், அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைக்கிறார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்பது புகார். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 அதிகாலை அப்பா. எஃப்.ஐ.ஆரில் அவர்களே தரையில் உருண்டு காயப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது. அந்த வரியை டி.வி.யில் கேட்டபோது எனக்கு என்னுடைய 6 மணி ஞாபகம் வந்தது. அளவில் அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் இரண்டும் ஒரே மேஜையில், ஒரே மாதிரி பேனாவால் எழுதப்பட்டவை.

அங்கேதான் தலைமைக் காவலர் ரேவதி இருந்தார். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பாரதிதாசனிடம், இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் இரத்தக்கறை இருந்தது என்று அந்த ஸ்டேஷனில் இருந்துகொண்டே சொன்னார். சுற்றிலும் சக போலீஸ்காரர்கள். சி.சி.டி.வி. இருந்தும் பதிவு தினமும் அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். அதனால் அவருடைய வாய்மொழிக்கு அவ்வளவு கனம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. போலீஸ் ஸ்டேஷனைப் பாதுகாக்க ரெவின்யூ ஆட்கள். என் சர்வீஸில் அதைவிடத் தலைகுனிவு நான் பார்த்ததில்லை. அந்த வாரம் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் எப்போதும்போல, "வாங்க சார்" என்றார், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ரேவதி அம்மாவை எனக்கு நேரில் தெரியாது. புதுப் பிள்ளைகளிடம் பேசும்போது போலீஸ் நேர்மை என்றால் அவரைத்தான் சொல்கிறேன். சண்டை போட்டுத் திருடனைப் பிடித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் அவருக்குப் பிறகுதான் சொல்வேன்.

ஆள் பற்றாக்குறை, தூக்கமில்லாத டூட்டி, திருவிழா, தேர்தல், மறுபடி ஸ்டேஷன். வார விடுப்புக்கான உத்தரவே 2021-இல்தான் வந்தது. பசியும் அசதியும் உள்ள மனுஷனுக்குக் கை சீக்கிரம் நீளும், எனக்குத் தெரியும். நானும் கையை நீட்டியிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. அதனால்தான் போலீசுக்கு ஓய்வு கொடுங்கள் என்று கேட்பதையும், அடிப்பதை மன்னிக்கவே கூடாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் யாரையாவது போலீஸ் கூட்டிப்போனால் என்ன செய்வது? பதறாமல் இதைக் கேளுங்கள். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது. கைது செய்ய வருபவர் பெயர் தெரியும்படி பேட்ஜ் அணிந்திருக்க வேண்டும். கைது குறிப்பு அந்த இடத்திலேயே நேரத்தோடு எழுதவேண்டும். குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் கையெழுத்துப் போடவேண்டும், கைதானவரும் போடவேண்டும். உறவினருக்குச் சொல்லவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும். இவற்றில் பல இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம். சாட்சியாக விசாரிக்க 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்களாக விரும்பி வந்தாலொழிய ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. போலீஸ்தான் வீட்டுக்கு வரவேண்டும். ஸ்டேஷன்களில் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேமரா ஓடுகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதையாகவே கேளுங்கள். குரலை உயர்த்தினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

புகாரை வாங்க மறுத்தால் அங்கே நின்று சண்டை போடவேண்டாம். அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். நகரம் என்றால் கமிஷனருக்கு. அங்கேயும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம், அவர் உத்தரவிட்டால் எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆகவேண்டும். அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் செய்ய வசதியும் படிப்பும் வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, போனபோது மணி என்ன, மேஜையில் இருந்தவர் சட்டையில் என்ன பெயர், என்ன சொன்னார், இதை வாசலைத் தாண்டியதும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதி வையுங்கள். உங்கள் செல்போனிலிருந்து மகனுக்கோ வக்கீலுக்கோ ஒரு மெசேஜாக அனுப்பினாலும் போதும், நேரம் அதிலேயே பதிந்துவிடும். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோய்விட்டது. அன்றைக்கு அந்த அம்மா என் தோளுக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியது அந்த ஒரு வரியை எழுதிவைக்கத்தான்.